கேளுங்க, சொல்றோம்: தண்ணி விட்டும் புல்லு ஏன் கருகுது?

கேள்வி: போன வருஷம் வீட்டு முன்னாடி 400 சதுர அடிக்கு கொரியன் புல் போட்டோம். ரெண்டு மாசம் ஜமக்காளம் விரிச்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் நுனியில இருந்து கருகிட்டே வருது. போர் தண்ணிதான், தினமும் சாயங்காலம் ஹோஸ் பிடிச்சு நனைக்கிறோம். ஆர்.ஓ. மெஷின்ல வெளிய வர்ற தண்ணியும் வீணாப் போகக்கூடாதுன்னு புல்லுக்குத்தான் விடுறோம்.
- வாசகி, நீலாங்கரை

பதில்: தண்ணிய வீணாக்கக்கூடாதுங்கற உங்க நினைப்பு நல்லதும்மா, ஆனா அந்த ஆர்.ஓ. தண்ணிய மட்டும் இன்னிக்கே நிறுத்திடுங்க. நல்ல தண்ணிய உங்க டம்ளருக்கு அனுப்பிட்டு மிச்ச உப்பையெல்லாம் சேத்து வெளிய தள்றதுதான் அந்த மெஷினோட வேலையே, அப்போ ஏற்கனவே உப்பா இருக்கற போர் தண்ணிய விட அது இன்னும் உப்பு. பாத்ரூம் கழுவ வச்சுக்கோங்க.

அடுத்தது, ஒரு இடத்துல புல்லை விலக்கி மண்ணை நகத்தால கீறிப் பாருங்க. மேல வெள்ளையா பொடி படிஞ்சிருந்தா அது உப்பு. தினமும் கொஞ்சமா நனைச்சா மேல அரை இஞ்ச் மட்டும்தான் ஈரமாகும், மறுநாள் வெயிலுக்கு தண்ணி ஆவியாயிடும், உப்பு மட்டும் அங்கயே நின்னுடும், இப்படி தினமும் ஒரு அடுக்கு சேந்தா வேர் எங்க தண்ணி குடிக்கும் சொல்லுங்க. அதனால ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை, விடியக்காலைல, நல்லா இறங்கற மாதிரி விடுங்க. விட்டு முடிச்சதும் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை மண்ணுல குத்திப் பாருங்க, நாலஞ்சு இஞ்ச் சுலபமா இறங்கினா போதும். உங்க பக்கம் கடற்கரை மணல், தண்ணி தேங்காது, உப்பும் கீழ போயிடும், அது உங்களுக்கு பெரிய பிளஸ். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அடிக்கற மழை மிச்சத்தைக் கழுவிடும், மொட்டை மாடி மழைத்தண்ணிய தொட்டியில பிடிச்சு வச்சா இன்னும் நல்லது. செத்துப்போன இடத்துக்கு இப்பவே காசு போட்டு புதுப்புல் வாங்காதீங்க, மழை முடிஞ்சு ஜனவரில பாத்துக்கலாம்.

கேள்வி: எங்களுது கரிசல் மண்ணு. மேல அரை அடிக்கு செம்மண் கொட்டி கொரியன் புல் போடலாம்னு சொல்றாங்க. சரி வருமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வேணாம் சார். மழைத்தண்ணி செம்மண்ணுல சரசரன்னு இறங்கும், கீழ கரிசல் வந்ததும் அப்படியே நின்னுடும், வேர் அழுகும். கோடையில அதே கரிசல் பாளம் பாளமா வெடிக்கும். இன்னொண்ணு, நானே பட்டது: ஒரு லோடு செம்மண் இறக்கினேன், அதோட கோரைக்கிழங்கும் சேந்து வந்துருச்சு, மூணு வாரத்துல புல்லை விட கோரை உயரமா நின்னுச்சு. மேல பிடிச்சு இழுத்தா தாள்தான் கையில வரும், கிழங்கு உள்ள இருந்து மறுபடி முளைக்கும். ஒரு வருஷம் மண்வெட்டியும் கையுமா இருந்தேன்.

இருக்கற கரிசலையே நல்லா மக்கின தொழு உரம் போட்டுக் கொத்துங்க, 10 அடிக்கு ஒண்ணரை இஞ்ச் சரிவு வீட்டை விட்டு விலகி தெருவாசல் பக்கமா வச்சுக்கோங்க. அப்புறம் புல் நடாம வெறும் மண்ணுக்கே தண்ணி விடுங்க, உள்ள கிடக்கற கோரை முளைச்சு வரும், கிழங்கோட தோண்டி எடுங்க, ரெண்டு மூணு தடவை இதே மாதிரி பண்ணிட்டு அப்புறம் நடுங்க. நடுறது அருகம்புல்லா இருக்கட்டும். பிள்ளையாருக்குப் போடுறோமே அதேதான், கோல்ஃப் மைதானத்துல பெர்முடான்னு சொல்றதும் இந்தச் சாதிதான். தண்ணி பத்தலைன்னா காஞ்சு பழுப்பாகிடும், செத்துடுச்சுன்னு பிடுங்கிடாதீங்க, ஒரு மழை பெஞ்சா அதே வேர்ல இருந்து துளிர்த்து வரும். கரிசல் சீமைக்கு இதை விட என்ன வேணும்! வெட்டும்போது மட்டும் உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதீங்க.

உங்க பக்கம் மண்ணுல சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கல், இருந்தா இளம் தாள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா தெரியும். அது இரும்புச்சத்துக் குறை, யூரியா போட்டா தீராது. அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்ங்கற இரும்பு உப்பு) 50 கிராம் 10 லிட்டர் தண்ணில கரைச்சு சாயங்காலம் இலை மேல தெளிங்க. தரையில, டைல்ஸ்ல பட்டா துருக்கறை விழும், பாத்து.

கேள்வி: மாமரத்தடியில மூணு தடவை அருகம்புல் வச்சும் வரவே இல்ல.
- வாசகி, சேலம்

பதில்: வராதும்மா. அருகம்புல்லுக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும். கொஞ்சம் வெளிச்சம் விழற ஓரத்துல மட்டும் அகல இலை பஃபலோ புல் வச்சுப் பாருங்க, அடிமரத்துக்கிட்ட மா இலைச் சருகையே பரப்பி விட்டுடுங்க, மரத்துக்கும் அதுதான் சாப்பாடு.