நாற்பது வயதுக் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் முன்

கேள்வி: பழைய கணினிகளைச் சேர்த்து வருகிறேன். ஒரு பள்ளியில் கழித்துக்கட்டிய பொருள்களோடு பி.பி.சி. மைக்ரோ கணினி ஒன்று கிடைத்தது. பல ஆண்டுகள் பரணில் கிடந்ததாம். பிளக்கைச் செருகி, இயங்குகிறதா என்று பார்த்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 1981-இன் இறுதியில் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்ட இந்தக் கணினி, 1984-இல் மாணவர்களுக்குக் கணினி அறிவு ஊட்ட மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்கு வந்தது. உங்கள் கையில் இருப்பது அந்தத் திட்டத்தின் எச்சமாகவும் இருக்கக்கூடும் என்பதால், சற்று நிதானம் தேவை.

ஆபத்து இருப்பது இடப்புறத்தில் உள்ள பவர் சப்ளை பெட்டிக்குள். பெரும்பாலான பி.பி.சி. மைக்ரோக்களில், மின்கம்பியில் வரும் இரைச்சலை வடிகட்டுவதற்காக ‘ரிஃபா’ எனப்படும் காகித வகைக் கபாசிட்டர்கள் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகங்கள்) இரண்டு பொருத்தப்பட்டிருக்கும். காலப்போக்கில் அவற்றின் மேலுறையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றி, அவற்றின் வழியே ஈரம் உள்ளே இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் 230 வோல்ட் மின்சாரம் பாய்ந்தால், சில நிமிடங்களிலேயே அவை வெடித்து, கடும் நாற்றத்துடன் புகையைக் கக்கும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் கிடந்த இயந்திரம் என்றால் ஐயமே வேண்டாம். வெளியில் நன்றாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பவர் சப்ளையின் சர்க்யூட் பலகையில் சி1 என்ற இடத்தில் 0.1 மைக்ரோஃபாரட், சி2 என்ற இடத்தில் 0.01 மைக்ரோஃபாரட், இரண்டுமே 275 வோல்ட் ஏ.சி. தாங்கும் எக்ஸ்2 வகையாக, அதாவது நேரடி மின்இணைப்பில் பயன்படுத்தவென்றே செய்த பாதுகாப்பு வகையாக, இருக்க வேண்டும். சாதாரணக் கபாசிட்டரை அங்கே வைக்கவே கூடாது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தேடிப் பாருங்கள். எல்லாப் பாகங்களும் அசலாகவே இருக்க வேண்டும் என்று கருதும் சேகரிப்பாளர்கள் உண்டு. ஆனால் தீப்பிடிக்க வாய்ப்புள்ள பாகத்துக்கு அந்த மரியாதை தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. கழற்றியவற்றை ஓர் உறையில் போட்டுக் குறிப்பெழுதி வைத்தால் போதும்.

ஒருமுறை மின்சாரம் கொடுத்துவிட்டால், பிளக்கை உருவிய பின்னும் அந்தப் பெட்டியின் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். எனவே சால்டரிங் தெரிந்திருந்தாலும் மின்சார வேலையில் பழக்கமில்லை என்றால், அனுபவமுள்ள டி.வி. மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள். இன்னொன்று: இங்கிலாந்து பிளக்குக்கு உள்ளேயே ஃப்யூஸ் உண்டு, நம்முடையதில் இல்லை. ஆகவே 3 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ள இணைப்பு வழியாகவே இயக்குங்கள்.

பிறகு பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். இயக்கியவுடன் இரண்டு சுரங்களில் ஒலித்து அடங்கினால் கணினி விழித்துக்கொண்டது என்று பொருள். ஒரே ஒலி நிற்காமல் நீண்டால், உடனே அணைத்து, சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாகக் கவனமாக எடுத்து, கால்களைத் துடைத்து, திசை மாறாமல் மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். ஈரத்தில் கறுத்த கால்களே பல நேரங்களில் காரணமாக இருக்கும்.