டயர், பானை, தகர டப்பா: வண்ணம் அடிக்கும் முன் சில கேள்விகள்

பெயிண்ட் கடையில் இருபது வருஷம் டப்பா திறந்து மூடியவன், இப்போது மாடித் தோட்டக்காரன். அதனால் எது உரிந்தாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள். இந்த மாதம் வந்தவற்றில் சில.

அண்ணா, லாரி டயரில் மஞ்சள் எனாமல் அடித்தேன். பத்து நாள் ஆகியும் கையில் ஒட்டுகிறதே?

இன்னும் பத்து நாள் போனாலும் ஒட்டும். டயர் ரப்பரில் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கிறது, அது மெல்ல மெல்ல மேலே வரும். எனாமலும் எண்ணெய் பெயிண்ட்தான். இரண்டும் சேர்ந்தால் காயாமல் பிசுபிசுவென்று கிடக்கும், மண்ணெல்லாம் அதில் அப்பிக்கொள்ளும். அடித்ததைச் சுரண்டி எடுங்கள். துணி சோப்புத்தூள் போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய விடுங்கள். பிறகு வெளிச்சுவருக்கு அடிக்கிற எக்ஸ்டீரியர் எமல்ஷன். முதல் கோட்டிலேயே நிறம் எடுக்காது, திட்டுத் திட்டாகத் தெரியும். பயப்படாமல் மூன்று கோட் அடியுங்கள்.

டயரை வெட்டிக் கிளி செய்யப் போகிறீர்கள் என்றால் ரேடியல் டயர் வேண்டாம். உள்ளே எஃகுக் கம்பி வலை இருக்கிறது, கத்தியும் போகும் கையும் போகும். நைலான் டயராகக் கேட்டு வாங்குங்கள். கத்தியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்.

கொசு ஒழிப்புக்கு வந்தவர் பெயிண்ட் அடித்த டயரையும் தூக்கிப் போடச் சொல்கிறார். நியாயமா சார்?

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டயருக்குள் தேங்குகிற மாதிரி நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழையில் பொரித்துவிடும். டயரைக் கவிழ்த்தாலும் நிமிர்த்தினாலும் உள் வளையத்தில் ஒரு டம்ளர் தண்ணீராவது நிற்கும். அதனால் அடியில் சாணுக்கு ஒரு ஓட்டை டிரில் போடுங்கள், உள் வளையம் முழுக்க மண் நிரப்புங்கள். பிறகு அவரையே கூப்பிட்டுக் காட்டலாம். இன்னொன்று, டயரில் குரோட்டன்ஸ் வையுங்கள், கீரை வேண்டாம். ரப்பரில் துத்தநாகம் முதல் என்னென்னவோ சேர்க்கிறார்கள். சாப்பிடுகிற செடிக்கு வேறு தொட்டி பாருங்கள்.

மண்பானையில் அழகாகக் கோலம் வரைந்தேன் அண்ணா. இரண்டே மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக உரிகிறது. மட்டமான பெயிண்டா?

பெயிண்டைத் திட்டாதீர்கள் தங்கச்சி. பானை வியர்க்கிறது. உள்ளே ஊற்றுகிற தண்ணீர் சுவர் வழியாக வெளியே வரப் பார்க்கும், பெயிண்ட் வழி மறிக்கும், தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு வரும். கூடவே உப்பும் பூக்கும். அய்யனார் கோயில் மண் குதிரைகள் வெட்டவெளியில் நின்றும் வண்ணத்தோடு இருக்கின்றன. குதிரை வயிற்றில் யாரும் தினம் தண்ணீர் ஊற்றுவதில்லை.

செடியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அந்தத் தொட்டியைப் பானைக்குள் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் காவியும் சுண்ணாம்பும் பட்டையாக அடியுங்கள். இரண்டும் ஈரத்தை மறிக்காது. மழைக்குக் கொஞ்சம் கரையும், பொங்கலுக்கு மறுபடி அடித்துக்கொள்ளலாம். என் கண்ணுக்கு அதுதான் அழகு.

துருப்பிடித்த சைக்கிளைக் கொடி படர நிறுத்தலாம் என்று இருக்கிறேன். ரெட் ஆக்சைடு மட்டும் போதுமா?

போதாது. அது அஸ்திவாரம்தான், அதன் மேல் எனாமல் இரண்டு கோட் வேண்டும். 80-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டு உதிர்கிற துருவை எல்லாம் உதிர்த்துவிடுங்கள். கடலோர ஊர் என்றால் முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக்காற்றின் படிவு பெயிண்டுக்கு அடியில் மாட்டினால் துரு உள்ளேயே வேலை பார்க்கும். உச்சி வெயிலில் அடிக்காதீர்கள். இரும்பு கொதிக்கும்போது அடித்தால் பிரஷ் கோடு அப்படியே நின்றுவிடும்.

ஜி.ஐ. வாளிக்கு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வாளிக்கு, இந்த முறை ஆகாது. எனாமலின் எண்ணெயும் வாளியின் துத்தநாகப் பூச்சும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகி, பெயிண்ட் தகடு தகடாகக் கழன்றுவிடும். வினிகர் போட்டுத் துடைத்துக் கழுவிவிட்டு, ஜி.ஐ.க்கு என்றே விற்கிற பிரைமரைக் கேட்டு வாங்குங்கள்.

தாத்தா காலத்து ஜன்னல் கிரில் ஒன்று கிடைத்தது. பழைய பெயிண்டை மிஷின் வைத்துத் தேய்க்கலாமா?

வேண்டாம். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். பழைய பெயிண்டில் எவ்வளவு இருக்குமோ! மிஷின் வைத்தால் அந்த விஷத் தூள் பறந்து மூச்சில் போகும். தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் கையில் தேயுங்கள். மாஸ்க் போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது.

எவர்சில்வர் குடம்? ஒட்டாது. அப்படியே வையுங்கள், மின்னட்டும்.

வருஷா வருஷம் சிவப்பும் ரோஸும் வெளுத்துவிடுகிறதே ஐயா, நிரந்தரமாக நிற்கிற கலர் உண்டா?

ரோஸ், வயலெட் எல்லாம் நம் வெயிலுக்கு நிற்பது கஷ்டம். இரும்பு ஆக்சைடில் வருகிற காவிச் சிவப்பு, மஞ்சள், பழுப்பு நிற்கும். பெயிண்டில் நிறத்துக்குக் கலக்கிற ஸ்டெய்னர் வாங்கும்போது ஆக்சைடா என்று பாருங்கள்.

அதையும் விட நிற்பது உடைந்த பொருளின் சொந்த நிறம். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் 1957 வாக்கில் காட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்ய ஆரம்பித்தார். அரசுக்குத் தெரியவரப் பதினெட்டு வருஷம் ஆனது. இடிக்காமல் விட்டார்கள், 1976-இல் மக்களுக்குத் திறந்தார்கள். உடைந்த வளையலையும் பீங்கானையும் சிமெண்டில் பதித்துப் பதித்துத்தான் அவ்வளவு நிறம் கொண்டுவந்தார். டைல்ஸ் கடை வாசலில் உடைசல் சும்மா கிடக்கிறது, ஒரு சாக்கு அள்ளி வாருங்கள். பதிக்கும்போது கூர் விளிம்பு வெளியே நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியார் வீட்டு ஆட்டுக்கல் வந்திருக்கிறது. என்ன கலர் அடிக்கலாம்?

அடிக்காதீர்கள் அம்மா! குழியில் தண்ணீர் ஊற்றி வையுங்கள், தவிட்டுக்குருவி வந்து குளிக்கும். இரண்டு நாளுக்கு ஒரு தரம் கொட்டி, தேங்காய் நார் போட்டுக் குழியைத் தேய்த்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லையென்றால் கொசுக்காரர் உங்கள் வீட்டுக்கும் வருவார்.