பக்கத்துக் கட்டிலில் காசநோயாம், என் பிள்ளைக்கு என்ன பார்க்க வேண்டும்?

இந்தமுறை வன்னிப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான்: எதிர்ப்புச் சக்தி குறைந்த பிள்ளை காசநோய்க்காரரோடு இருந்துவிட்டால் என்ன சோதிப்பது, என்ன செய்வது.

மகனுக்கு ஏழு வயது, இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறுகிறது. ஆஸ்பத்திரி விடுதியில் பக்கத்துப் பிள்ளையோடு நின்ற அப்பப்பாவுக்குக் காசநோயாம். மகனுக்கு மாண்டூ ஊசி (காசநோய்க் கிருமி உள்ளே போயிருக்கிறதா என்று கைத்தோலில் போட்டுப் பார்ப்பது) போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் தடிக்கவில்லை. இனிப் பயமில்லைத்தானே? (முள்ளியவளை)

அவசரப்படாதீர்கள். கிருமி உள்ளே போனாலும் ஊசிக்குத் தோல் தடிக்க எட்டுப் பத்துக் கிழமை ஆகலாம், அதோடு உங்கள் மகனின் எதிர்ப்புச் சக்தியையே மருந்து அடக்கி வைத்திருப்பதால் கிருமி இருந்தும் கை சும்மா கிடக்கலாம். தடித்தால் அது செய்தி, தடிக்காவிட்டால் அது பதிலே இல்லை. இரத்தத்தில் பார்க்கும் சோதனையும் இப்படியான பிள்ளைகளில் சிலவேளை முடிவு சொல்லாமல் நிற்கும். அதனால் இப்போதே நெஞ்சு எக்ஸ்றே எடுத்து, காய்ச்சல், இருமல், நிறை கூடாமை, விளையாடாமல் சோர்ந்து கிடப்பது எல்லாம் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த அப்பப்பாவோடு கடைசியாக இருந்த நாளிலிருந்து எட்டுப் பத்துக் கிழமை கழித்து மாண்டூவைத் திரும்பப் போட வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால் அந்த இரண்டாவது ஊசிவரை காத்திராமல் தடுப்பு மருந்து தொடங்குவதுண்டு. பெரும்பாலும் ஐசோனியசிட், ஆறு மாதம். ரிஃபாம்பிசின் புற்றுநோய் மருந்துகள் சிலதோடு ஒத்துப்போகாது, ஆகவே மார்புநோய் கிளினிக் டொக்டரும் புற்றுநோய் டொக்டரும் பேசி முடிவெடுக்கட்டும், இரண்டு கிளினிக் கொப்பிகளையும் கொண்டுபோங்கள்.

ஊசி போட்ட இடத்தைப் பார்க்க இன்னொரு நாள் வரச் சொல்கிறார்கள். பஸ்ஸில் அலைய ஏலாது, நாங்களே பார்க்கலாமா? (ஒட்டுசுட்டான்)

கூடாது. 48 முதல் 72 மணித்தியாலத்துக்குள் பழகிய ஆள் தடவி அளக்க வேண்டும், சிவப்பை அல்ல, விரலில் தட்டுப்படும் தடிப்பை, கையின் குறுக்காக. கிருமி இருக்கிறதென்று எடுக்க மற்றப் பிள்ளைகளுக்குப் பத்து மில்லிமீற்றர் என்றால், எதிர்ப்புச் சக்தி குறைந்த இவர்களுக்கு ஐந்தே போதும். வியாழக்கிழமை போட விடாதீர்கள், பார்க்கும் நாள் சனி ஞாயிறில் விழும். போயா விடுமுறையையும் கலண்டரில் பாருங்கள்.

மகள் சிறுநீரக வருத்தத்துக்கு பிரெட்னிசலோன் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொய்ட் மருந்து) குடிக்கிறாள். சோதனைக்காக நிறுத்தவா? பிறந்தவுடன் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டதுதானே? (பூநகரி)

நிறுத்தவே வேண்டாம், திடீரென்று விடுவது ஆபத்து. அளவை டொக்டரிடம் சொன்னால் போதும். கடைசி ஒன்றரை மாதத்துக்குள் சின்னமுத்துத் தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், தடிப்பு மங்கும். பிசிஜி மூளைக்காய்ச்சல் மாதிரியான கடும் காசநோயைத்தான் நன்றாகத் தடுக்கும், தழும்பு இருக்கிறதென்று சோதனையை விடக்கூடாது.

தட்டு, கோப்பை வேறாக்க வேண்டுமா? (மாங்குளம்)

தேவையில்லை, இது காற்றில் பரவுவது.

தடுப்பு மருந்து தொடங்கியாச்சு. சாப்பாட்டில் பத்தியம் உண்டா? (முல்லைத்தீவு)

கரையோரம் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்: ஐசோனியசிட் குடிக்கும் மாதங்களில் சூரை மீன் வேண்டாம். ஐஸ் இல்லாமல் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் சேரும், இந்த மருந்து அதை உடம்பு கழிப்பதைத் தடுக்கும். முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடக்கும், அப்படி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கண் மஞ்சளானாலோ சத்தி எடுத்துக்கொண்டே இருந்தாலோ அன்றைய குளிசையைக் கொடுக்காமல் உடனே காட்டுங்கள்.