பஃப் கை எனக்கு எடுப்பாக இருக்குமா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. வங்கியில் வேலை. பூசின உடல்வாகு. மார்பு 44 அங்குலம், இடுப்பு 39, கீழிடுப்பு 48. அடுத்த மாதம் கல்லூரித் தோழிகள் எல்லாரும் கூடுகிறோம். 60கள், 70கள் பாணியில் உடுத்தி வரவேண்டும் என்று ஏற்பாடு. புள்ளி போட்ட சேலை, பஃப் கை ரவிக்கை என்று மனதில் ஒரு படம் வைத்திருக்கிறேன். தையல்காரரோ, "உங்க உடம்புக்கு பஃப் கை வேண்டாம்மா, இன்னும் குண்டாக் காட்டும்" என்கிறார். உண்மையா? துணி எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகத் தைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ரவிக்கையில் நம் கண்ணைக் கவர்ந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். பானுமதியும் சாவித்திரியும் ஒல்லிக்குச்சிகளா? அவரவர் உடலை அளந்து, அதற்கென்றே வெட்டித் தைத்த துணிகள் அவை. இன்று அதே பாணியை ரெடிமேடில் தேடும்போதுதான் சிக்கல் வருகிறது. மெலிந்த ஒருவருக்குப் போட்ட அளவை எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி பெரிதாக்கி டபுள் எக்ஸ்எல் என்று விற்கிறார்கள். மார்பில் பிடிக்கும், தோளில் இறங்கும். வெட்டில் இருக்கிற குறையை நம் உடம்பின் தலையில் கட்டிவிட்டு வருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறோம். ஆகவே சேலை விலை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, தையல் கூலியில் மட்டும் கை சுருக்காதீர்கள்.

உங்கள் தையல்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தோள் தையல் தோள்முனையைத் தாண்டிப் புஜத்தில் இறங்கிவிட்டால் சுருக்கமெல்லாம் பக்கவாட்டில் உப்பும். அப்போது அகலமாகத்தான் தெரியும். தோள் தையலை எலும்பின் நுனிக்கு அரை அங்குலம் உள்ளே வைக்கச் சொல்லுங்கள். சுருக்கம் தோளின் உச்சியில், நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் வரட்டும். முன்னும் பின்னும் இறங்கவேண்டாம். உப்பல் மேல்நோக்கி எழும்பும், தோளும் நிமிர்ந்து தெரியும். கை எங்கே முடிகிறது என்பதையும் கவனியுங்கள். மார்பின் அகலமான இடத்துக்கு நேராக முடிந்தால் பார்வை அங்கேயே நின்றுவிடும். முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலே முடித்து, அடியில் பட்டி வைக்கலாம். பட்டிக்குள் ஒரு விரல் தாராளமாக நுழையவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. என் அளவும் கிட்டத்தட்ட உங்கள் அளவுதான். பல வருடங்களாக, பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் என் ரவிக்கையும் கூடவே மேலே ஏறும். கீழ்ப்பட்டி மார்பில் வந்து உட்காரும். பிடிக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் "ஆர்ம்ஹோலை இன்னும் லூஸாக வையுங்கள்" என்று நானே சொல்லித் தைத்து வாங்கினேன். கடைசியில் வயதான ஒரு தையல்காரம்மாவிடம் போனேன். என் பழைய ரவிக்கையைப் புதுத் துணியின்மேல் விரித்தார். அக்குள் வளைவு இருந்த இடத்துக்கு முக்கால் அங்குலம் மேலே சாக்பீசால் ஒரு வளைவு போட்டார். "குழி கீழே இறங்க இறங்க, கையைத் தூக்குறப்ப எல்லாத் துணியையும் சேர்த்து இழுக்கும்மா. குழியை ஏத்தணும், அகலத்தைக் கையில குடுக்கணும்" என்றார். அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு பரணிலிருந்து பெட்டி எடுத்தேன். பட்டி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பெரிய உடம்பு என்றால் எல்லாவற்றையும் தளர்த்தவேண்டும் என்று எண்ணும் தையல்காரர்கள் நிறைய. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பழையதில் இருக்கும் குறை அப்படியே புதியதிலும் வந்துவிடும். அன்றைக்குப் போடப்போகும் உள்ளாடையையே அணிந்துபோய் உடம்பில் அளவு கொடுங்கள். மார்புச் சுற்றளவு மட்டும் போதாது. தோளிலிருந்து மார்பின் உச்சி எவ்வளவு தூரம், இரண்டு உச்சிகளுக்கும் இடையே எவ்வளவு என்றும் எடுக்கவேண்டும். டாட், அதாவது மார்பு உட்காரத் துணியை மடித்துப் போடும் கூர்த்தையல், போய் நிற்கிற இடம் தப்பினால் எவ்வளவு அழகான துணியும் சுருங்கித் தெரியும். 44 அங்குல மார்புக்குச் சாதாரண நாலு டாட் வெட்டைவிடப் பிரின்சஸ் கட்டோ (மேலிருந்து கீழ்வரை ஓடும் நீளத் தையல்) கட்டோரியோ (மார்புக்கென்று தனித் துண்டு வைத்த வெட்டு) நன்றாக உட்காரும். லைனிங்கை மட்டும் முதலில் ஓட்டுத் தையல் போட்டுத் தரச்சொல்லி, அணிந்து பார்த்துவிட்டு மேல்துணியை வெட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுக்கலாம். பக்கத் தையலில் இருபுறமும் ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைத்தால் பின்னால் பிரித்துக்கொள்ளவும் வழி இருக்கும்.

ரவிக்கைத் துணிக்கு, டூ பை டூ ரூபியா என்று நம் அம்மாக்கள் கேட்டு வாங்குவார்களே, அதையே வாங்குங்கள். பஃப் நிற்கிற அளவுக்கு உடல் இருக்கும், விறைக்காது. சேலையோடு வருகிற 80 சென்டிமீட்டர் துணி உங்கள் அளவில் பஃப் கைக்குப் பற்றாது. ஒன்றேகால் மீட்டர் எடுத்து, அதையும் லைனிங்கையும் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகு தைக்கக் கொடுங்கள். சுருங்குவது தையலுக்கு முன்பே சுருங்கிவிடட்டும்.

சேலைக்கு வருவோம். புள்ளி போட்ட சேலை என்றால் நம்மிடம் மதுரைச் சுங்குடி இருக்கிறது. சௌராஷ்டிரர்கள் மதுரையில் வளர்த்த முடிச்சுச் சாயக் கலை, புவிசார் குறியீடும் பெற்றது. கையால் முடிச்சுப் போட்ட சேலையில் ஒரு புள்ளியைப்போல் இன்னொன்று இருக்காது. அச்சில் போட்டது ஒரே அளவில், கோடு பிடித்த மாதிரி நிற்கும். அச்சு வேலையையும் வாங்கலாம், முடிச்சு விலை கொடுத்து வாங்காதீர்கள், அவ்வளவுதான். கோ-ஆப்டெக்ஸில் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரிலேயே உறையூர்க் கைத்தறிப் பருத்தி இருக்கிறது. மெல்லிய கரை போட்ட ஒற்றை நிறச் சேலையும் அந்தக் காலத் தோற்றத்தைக் கொண்டுவந்துவிடும். புதுப் பருத்திச் சேலையில் கஞ்சி இருக்கும், கொசுவம் குடைபோல விரியும். இரண்டு முறை அலசி, கஞ்சி போனபின் கட்டுங்கள்.

அப்புறம், சேலையோடு ஒட்டி வரும் ரவிக்கைத் துணியை வெட்டவே வேண்டாம். கீழிடுப்பு 48 அங்குலம் என்றால் ஒரு சுற்றுக்கே சுமார் 1.2 மீட்டர் போய்விடுகிறது. ஐந்தரை மீட்டரில் கொசுவத்துக்கு மிஞ்சுவது குறைவு. நடக்கும்போது முன்பக்கம் இறுக்கிப் பிடிப்பதற்கும் முந்தானை குட்டையாகிப்போவதற்கும் இதுதான் காரணம். அந்த 80 சென்டிமீட்டரைச் சேலையிலேயே விட்டால் மூன்று கொசுவம் கூடுதலாக வரும்.

கேள்வி: மேடம், நான் கல்லூரி இறுதியாண்டு மாணவி. 1950கள் பாணியில், இடுப்பு சிறுத்துக் கீழே குடையாக விரியும் பிராக் ஒன்றை இணையத்தில் இரண்டு முறை வாங்கி இரண்டு முறையும் திருப்பி அனுப்பிவிட்டேன். எக்ஸ்எல் போட்டால் மார்பில் ஜிப் ஏறவில்லை. டபுள் எக்ஸ்எல் போட்டால் இடுப்பு எங்கேயோ நிற்கிறது. என் மார்பு 42, இடுப்பு 36. இந்த பிராக் எனக்கு லாயக்கில்லையா?
– ஒரு மாணவி, சென்னை

பதில்: உங்களைப் போன்ற உடல்வாகுக்குத்தான் அது பொருந்தும், கண்ணா. 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்தியன் தியோர் அறிமுகப்படுத்திய பாணியிலிருந்து பரவியது அது. போர்க்காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு இருந்து, பாவாடைகள் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருந்த காலம். அது முடிந்ததும் அவர் இடுப்பைக் கவ்வி, கீழே தாராளமாகத் துணி விட்டு வெட்டினார். மார்பும் இடுப்பும் கீழிடுப்பும் தனித்தனியாகத் தெரிவதுதான் அந்த வெட்டின் அழகே.

இனி எக்ஸ்எல் என்ற எழுத்தைப் பார்க்காதீர்கள். ஒரு கம்பெனியின் எக்ஸ்எல் இன்னொரு கம்பெனியின் எல் ஆக இருக்கும். நம் நாட்டு உடலுக்கென்று பொது அளவு வேண்டும் என்றுதான் நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 'இந்தியா சைஸ்' என்ற திட்டத்தில் 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை அளக்க முனைந்தது. கடைகளில் அது பழக்கத்துக்கு வரும்வரை அங்குல நாடாதான் நமக்குத் துணை. இணையக் கடையின் அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று முதலில் பாருங்கள். துணியின் அளவு என்றால், நீளாத துணியில் உங்கள் மார்பைவிட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும். மார்புக்குச் சரியாக வாங்கி இடுப்பைப் பிடிக்கச் சொல்வது எளிது. இடுப்புக்குச் சரியாக வாங்கி மார்பை விரிக்க முடியாது. தோளிலிருந்து இடுப்புத் தையல் வரை உள்ள நீளத்தை, மார்பின் மேலாகப் போகவிட்டு அளந்து பாருங்கள். அது குறைந்தால் முன்பக்க இடுப்புக் கோடு மேலே ஏறிக்கொள்ளும். டபுள் எக்ஸ்எல்லிலும் இடுப்பு இடம் தப்பியதற்கு இந்த நீளம்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தைப்பதானால் பாரிமுனைக் கோடவுன் தெருவில் பருத்தி பாப்ளின் பாருங்கள். மொத்த வியாபாரத் தெரு என்றாலும் மீட்டர் கணக்கில் தருகிற கடைகளும் இருக்கின்றன. முழு வட்டப் பாவாடைக்கு, மேல்பகுதியும் சேர்த்து, 44 அங்குல அகலத் துணியில் ஐந்து மீட்டர் ஆகும். சென்னை வெயிலுக்கு அவ்வளவு துணி பாரம். அரை வட்டம் வெட்டினால் பாவாடைக்கு இரண்டு, மேலுக்கு ஒன்றரை, ஆக மூன்றரை மீட்டர். விரிவும் போதும், பேருந்தில் பக்கத்து ஆள்மேலும் படாது. ஜிப்பைப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள், முதுகில் வைத்தால் தனியாகப் போட்டுக்கொள்வது கஷ்டம். இரண்டு பாக்கெட்டும் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: கடையில் பழையகாலப் பூ டிசைன் போட்ட குர்த்தி வாங்கினேன். முதல் தடவை போட்டபோதே அக்குள் தையல் விட்டுவிட்டது. கடைக்காரர், "பில்லில் நோ எக்ஸ்சேஞ்ச், நோ ரிஃபண்ட் போட்டிருக்கிறதே. நீங்கள் சின்ன சைஸ் எடுத்துவிட்டீர்கள்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கூனிக்குறுகி வந்துவிட்டேன்.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: படிக்கவே வலிக்கிறது. நீங்கள் குறுகவேண்டிய அவசியமே இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. "நோ ரிஃபண்ட்" என்று அச்சடித்துவிட்டதால் குறையுள்ள பொருளை உங்கள் தலையில் கட்டிவிட முடியாது.

ஒன்றை மட்டும் நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு சேரவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் இந்த உரிமை இல்லை. அங்கே கடையின் விதிதான். தையல் விட்ட இடத்தைப் பாருங்கள். நூல் துணியைவிட்டு உருவிக்கொண்டு வந்திருந்தால், ஓரத்தில் கால் அங்குலம்கூடத் துணி விடாமல் தைத்திருந்தால், அது தையலின் குறை. வெளிச்சத்தில் படம் எடுங்கள். லேபிளையும் எடுங்கள். ஆடை லேபிளில் எம், எல் என்ற எழுத்தோடு சென்டிமீட்டரிலும் அளவு இருக்கவேண்டும் என்பது விதி. அது உங்கள் அளவுக்குச் சரியாக இருந்தால் "சின்ன சைஸ்" என்ற பேச்சுக்கே இடமில்லை. பில்லோடு போய் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், கட்டணம் கிடையாது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு அங்கே மனுக் கட்டணமும் இல்லை. இணையத்தில் வாங்கியிருந்தால் இன்னும் ஒரு பிடி உண்டு. விளம்பரத்தில் காட்டியபடி பொருள் இல்லாவிட்டாலும் விற்றவர் திரும்ப எடுத்தே ஆகவேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன.

கேள்வி: அம்மாவின் 70களின் நைலெக்ஸ் சேலைகள் நான்கும் அவற்றுக்கான ரவிக்கைகளும் பெட்டியில் இருக்கின்றன. அம்மா அப்போது என்னில் பாதி. ரவிக்கையை ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் தையலைப் பிரித்து உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் காலத்தில் தாராளமாக விட்டுத் தைப்பார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று அங்குலம் கிடைத்தாலும் கிடைக்கும். போதாவிட்டால் அக்குளிலிருந்து கீழ்ப்பட்டி வரை அதே நிறத்தில் ஒரு துண்டு கொடுத்து விரிக்கலாம். சேலையும் கையும் மறைத்துவிடும். பத்து அங்குலத்துக்குமேல் வித்தியாசம் இருந்தால் ரவிக்கையைக் கிழிக்காதீர்கள், அம்மாவின் நினைவாக அப்படியே இருக்கட்டும். நிறத்துக்குப் பொருத்தமாகப் புது ரூபியாவில் அதே கழுத்து, அதே கையோடு உங்கள் அளவில் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள்.

சேலை நைலான் என்பதால் இஸ்திரிப் பெட்டியின் சூடு ஆகாது. மிகக் குறைந்த சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டுத் தேயுங்கள். வழுக்கும் துணி ஆதலால் கொசுவத்தில் ஊக்கு அவசியம். ஊக்கு குத்தும் இடத்தில் உள்ளே ஒரு சிறு துண்டுத் துணியை வைத்துக் குத்தினால் ஐம்பது வருடச் சேலை கிழியாது.