எஸ்யூவில டீசல் என்ஜின், மேனுவல் கியர் ஸ்வாப்னா என்னங்க?

பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வண்டில இருக்கற என்ஜின், கியர்பாக்ஸ் ரெண்டையும் எறக்கிட்டு டீசல் என்ஜினும் கையில போடற கியரும் ஏத்தறதுதானுங்க ஸ்வாப். டீசல் கம்மி சுத்துலயே நல்லா இழுக்கும், ஆனா நிமிஷத்துக்கு 4,500 சுத்து (ஆர்பிஎம்) பக்கத்துலயே மூச்சு முட்டிரும், பெட்ரோல் 6,000 வரைக்கும் போகும், அதனால சக்கர அச்சுல சுத்த கடைசியா கொறைக்கற கிரவுன் பினியன் பல்சக்கரத்தோட பல்லு கணக்கையும் மாத்த வேண்டி வரும். காங்கேயம் காளைய குதிரை வண்டில பூட்டற மாதிரிதான், பலம் இருக்கு, நுகத்தடி பொருந்தோணுமில்லீங்க! சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதைல 27 கொண்டை ஊசி வளைவு, லோடோட ரெண்டாவது கியர்ல ஏறறப்ப பல்லு கணக்கு பொருந்துச்சான்னு தெரிஞ்சிரும். கிளட்ச் பெடல், கியர்பாக்ஸ்ல இருந்து அச்சுக்கு சுத்த கொண்டுபோற புரொபெல்லர் ஷாஃப்ட்டோட நீளம், முன்னாடி ஸ்பிரிங், ரேடியேட்டர் எல்லாம் மொதல்லயே அளந்து எழுதி வெச்சுக்கங்க, வயரிங்க மட்டும் லேசா எடுத்துக்காதீங்க.

என்ஜின் மாட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, இல்லீங்க, ஆர்டிஓ அனுமதியோட ஆர்சி புக்குல என்ஜின் நம்பரும் எரிபொருளும் மாறோணும், அது கெடைக்குமான்னு கேட்டுட்டு அப்பறமா என்ஜினுக்கு அட்வான்ஸ் குடுங்க.