‘ஹேவக்’: சூறையாடச் சொன்ன கூவல்

(அழிவைக் குறிக்கும் ‘ஹேவக்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் கேட்டவையும், நாகர்கோவிலில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்ன பதில்களும்.)

கருங்கல், பிளஸ் டூ மாணவி: சார், ஒக்கி புயல் பற்றிய பழைய இங்கிலீஷ் பேப்பர்ல ‘ஹேவக்’னு ஒரு வார்த்தை வருது. அழிவுன்னு எழுதினா போதுமா?

பரீட்சைக்குப் போதும் மக்களே. ஆனால் அந்தச் சொல்லுக்குள் ஒழுங்கு குலைந்துபோவதும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு சுவர் இடிந்து விழுந்தால் அது ஹேவக் ஆகாது. 2017 நவம்பர் 30 அன்று ரப்பரும் வாழையும் மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, ரோடு எது தோட்டம் எது என்று தெரியாமல் கிடந்ததே, அதுதான் ஹேவக். ‘சின்னாபின்னம்’ என்று எழுதிப்பார், இன்னும் நெருங்கி வரும்.

அழிவை விளைவித்தது என்று சொல்ல ஹேவக்கோடு சேர்ந்து வரும் வினைச்சொல்லை ‘ரீக்’ என்று நீட்டிச் சொல்ல வேண்டும். கப்பல் உடைவதைச் சொல்லும் ‘ரெக்’ வேறு. இரண்டிலும் முதலில் நிற்கும் டபிள்யூவுக்கு ஒலி இல்லாததால் பெரியவர்களே குழம்பிவிடுகிறார்கள்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது சார்?

நான் வகுப்பில் மிகவும் விரும்பிச் சொன்ன கதை இது. பழைய பிரெஞ்சில் ‘ஹவோத்’ என்றால் கொள்ளை, சூறை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, அங்கே அவர்கள் பேசிய பிரெஞ்சில் அது ‘ஹவோக்’ என்று மாறியது. அந்தச் சொல் தனியாக வராது, ‘ஹவோக் என்று கூவுதல்’ என்றே வரும். போர்க்களத்தில் அந்தக் குரல் எழுந்தால், படைவீரன் வரிசையை விட்டுவிட்டு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதாவது, முதலில் அது அழிவின் பெயரே அல்ல. அழிக்கலாம் என்று கொடுத்த அனுமதி.

அந்த அனுமதி எவ்வளவு ஆபத்தானது என்று அரசர்களுக்குத் தெரிந்திருந்தது. கொள்ளையில் கை வைத்த படை கலைந்துபோகும், கலைந்த படையை எதிரி திரும்பி வந்து அடிப்பான். அதனால்தான் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ரிச்சர்ட் 1385-இல் ஸ்காட்லாந்து மீது படையெடுத்தபோது போட்ட விதிகளில், ‘ஹவோக்’ என்று கூவுகிறவனுக்குத் தலை போகும் என்று எழுதிவைத்தார். ஒரே ஒரு சொல்லைக் கூவியதற்கு மரண தண்டனை!

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், சீசரின் உடலருகே நின்று அந்தோணி பேசுவதைப் படித்திருப்பீர்கள். சீசரின் ஆவி ‘ஹேவக்’ என்று கூவிப் போர்நாய்களை அவிழ்த்துவிடும் என்கிறான். அங்கே ‘கூவி’ என்ற சொல்லை அலங்காரம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பழைய படைக்கட்டளை அப்படியே அதற்குள் நிற்கிறது.

குளச்சல், மீனவர் வீட்டுப் பெண்: சுனாமியை ‘டிசாஸ்டர்’னு எழுதுதாவ, ‘கேட்டஸ்ட்ரஃபி’ன்னும் எழுதுதாவ. எல்லாம் ஒண்ணுதானா?

ஒன்றில்லை அம்மா. ‘டிசாஸ்டர்’ இத்தாலிய மொழி வழியாக வந்தது. கெட்ட நட்சத்திரம் என்பது அதன் வேர், கிரகப் பலன் என்று நாம் சொல்வது போல. ‘கேட்டஸ்ட்ரஃபி’ கிரேக்கம், தலைகீழாகப் புரள்வது. 2004 டிசம்பர் 26-க்கு இரண்டுமே பொருந்தும். அலை வந்துபோன கரையின் கோலத்தைச் சொல்லும்போது ஹேவக் வரலாம்.

மயிலாடி, வேதபாட ஆசிரியை: ஆங்கில வேதாகமத்தில் சவுலைப் பற்றி இந்தச் சொல் வருகிறதே?

ஆமாம், அப்போஸ்தலர் 8:3. 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் சவுல் சபையை ‘ஹேவக்’ செய்தான் என்று இருக்கிறது. நம் தமிழ் வேதாகமத்தில் ‘சபையைப் பாழாக்கிக்கொண்டிருந்தான்’. வீடு வீடாக நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துக்கொண்டுபோய்க் காவலில் போடுவித்தான் என்று அதே வசனம் சொல்கிறது. சூறையாடும் படையின் வாடை அதில் இருக்கிறது, அதனால் அந்த ஆங்கிலச் சொல் அங்கே நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.

கல்குளம் பக்கம், விவசாயி: அண்ணாச்சி, மலையை உடைச்சு லாரி லாரியாக் கல்லு கொண்டு போறாவ. மனு இங்கிலீஷ்ல எழுதணும். ‘டிசாஸ்டர்’னு போடலாமா?

போடாதீங்க. அது பழியை நட்சத்திரத்தின் மேல் தூக்கிப்போடும் சொல். மலை தானாக உடையவில்லை. ஆளும் இயந்திரமும் போய் உடைக்கிறார்கள், அதற்கு ஒருவர் கையெழுத்தும் போட்டிருப்பார். அங்கே ‘ஹேவக்’ என்றே எழுதுங்கள். கூடவே எந்தப் பாறை, எந்த ஓடை, எத்தனை லாரி என்று கணக்கையும் எழுதுங்கள். கணக்கு இல்லாமல் சொல் மட்டும் நின்றால் மனு நிற்காது.

நாகர்கோவில், டைப்பிங் மையம் நடத்துபவர்: கடைசி எழுத்து சியா, கேயா?

சி. பழைய புத்தகங்களில் சியோடு கேயும் இருக்கும், 1611 வேதாகமத்திலும் அப்படித்தான். இன்று கே வருவது வினையாக்கி ‘இங்’, ‘எட்’ விகுதி சேர்க்கும்போது மட்டும். ‘பேனிக்’ என்ற சொல்லுக்கும் அதே விதி.