‘வாட்ச்மேன் கம்பெனி’க்கா பெண்ணைப் படிக்க வைப்பது?

அம்மா, வணக்கம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற கணவர், ஓசூரில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சி வழியாக வங்கிக்குக் கன்மேனாக (துப்பாக்கி ஏந்திய காவலராக) போய்க்கொண்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் தட்டுத்தடுமாறி, மற்றதில் நன்றாகத் தேறியிருக்கிறாள். உங்கள் அண்ணன் எப்படியோ பேசி, ஒரு தனியார் கல்லூரியில் கணினி தொடர்பான பட்டப் படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பிடித்து வைத்திருக்கிறார். மாந்தோப்பை அடமானம் வைத்து இந்த வாரமே முன்பணம் கட்டிவிட வேண்டும் என்கிறார். மகளோ, “அப்பா வேலை பார்ப்பது போன்ற ஏஜென்சியை நான் நடத்துவேன்” என்கிறாள். அதைக் கேட்டு வீடே சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எழுதி அனுப்பிவிடலாம். அப்படி எழுதினால் தோப்புப் பத்திரம் வெள்ளிக்கிழமைக்குள் வட்டிக்கடைக்குப் போய்விடும். எனவே நேராகவே சொல்கிறேன்: அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். அந்தப் படிப்பு கெட்டது என்பதல்ல காரணம். கணக்கைக் கண்டால் முகம் சுருங்கும் பெண்ணை, கணக்கே அடித்தளமான படிப்பில் கடன் வாங்கித் தள்ளுகிறீர்கள் என்பதுதான் காரணம். மூன்றாம் பருவத்தில் அரியர் விழும்போது உங்கள் அண்ணன் வந்து எழுதிக் கொடுக்கப் போவதில்லை.

நர்சிங், ஆசிரியர் பயிற்சி, அரசுத் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல உங்கள் தெருவிலேயே ஆள் இருப்பார்கள். அவற்றுக்குள் நான் போகவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்களே குறையாக எழுதியிருந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக்கொள்கிறேன். விடுமுறையில் அப்பாவோடு ஏஜென்சி அலுவலகத்துக்குப் போனவள், சும்மா இருக்காமல் அடுத்த வார ஷிப்ட் பட்டியலைப் புரட்டியிருக்கிறாள். அப்பாவை ஒருநாள் மாற்று ஆளாக அத்திப்பள்ளியில் ஒரு கிடங்குக்குப் போட்டிருந்தார்கள். “அப்பாவின் துப்பாக்கி லைசென்ஸ் தமிழ்நாட்டுக்கு மட்டும்தானே, அத்திப்பள்ளி கர்நாடகம் அல்லவா?” என்று கேட்டு சூப்பர்வைசரை வாயடைக்க வைத்துவிட்டாள். “பெரியவர்களிடம் வாய் பேசுகிறாள்” என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அம்மா, அந்த ஒரு கேள்வியால் அவள் உங்கள் கணவரை ஆயுதச் சட்ட வழக்கிலிருந்து காப்பாற்றியிருக்கிறாள்.

துப்பாக்கி உரிமத்தில் அது செல்லுபடியாகும் பரப்பு குறிப்பிடப்பட்டிருக்கும்: ஒரு மாவட்டம், ஒரு மாநிலம், அல்லது இந்தியா முழுவதும். ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. பஸ்ஸில் சில நிமிடங்கள்தான். ஆனால் டபுள் பேரல் துப்பாக்கியோடு தாண்டினால் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தவராக நிற்க வேண்டி வரலாம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 2 ஆண்டுச் சிறை. துப்பாக்கியை விடுங்கள், ஏஜென்சிக்கே அங்கே ஆள் போட உரிமை இருந்ததா? தமிழ்நாட்டில் வாங்கிய ஏஜென்சி உரிமம் கர்நாடகத்தில் செல்லாது. அங்கே தனியாக வாங்க வேண்டும். இரண்டு மாநில எல்லையில் உட்கார்ந்திருக்கும் ஓசூரில் இதைக் கவனிக்க ஓர் ஆள் இல்லாத ஏஜென்சிகள் ஏராளம். உங்கள் மகளுக்கான வேலை அந்த இடத்தில்தான் காலியாக இருக்கிறது.

“வாட்ச்மேன் கம்பெனி” என்று சிரிப்பவர்களுக்குத் தெரியாத சங்கதி இது. தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் வந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் துறையில் ‘பசாரா’ என்றுதான் சொல்வார்கள். அந்தச் சட்டப்படி வாங்கும் உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்தினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் 5 ஆண்டுக்கு. முடிவதற்கு 45 நாள் முன்பே புதுப்பிக்க மனுச் செய்ய வேண்டும். யார் யாரை வேலைக்கு வைத்திருக்கிறோம், யாருக்குக் காவல் தருகிறோம் என்ற பதிவேடு கட்டாயம். அதிகாரிகள் நியாயமான எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாம். காவலருக்கு வயது 18 முதல் 65 வரை, முன்னடத்தைச் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும், புகைப்பட அடையாள அட்டை சட்டையின் மேலே தெரிய வேண்டும். சீருடை ராணுவத்துடையதையோ போலீஸுடையதையோ போல இருந்தால் அதற்குத் தனி வழக்கு. மத்திய மாதிரி விதிகளின்படி புதிதாகச் சேரும் காவலருக்கு வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாட்களில் பயிற்சி தர வேண்டும். உங்கள் கணவரைப் போன்ற முன்னாள் படைவீரர்களுக்கு அது 40-ம் 16-ம் ஆகக் குறையும். முதலுதவி, தீயணைப்பு, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது, முதல் தகவல் அறிக்கை எப்படிப் பதிவாகிறது, ஆயுதச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் எல்லாம் பாடத்தில் உண்டு. 15 காவலருக்கு ஒரு சூப்பர்வைசர். நம் பக்கத்தில் எத்தனை இடத்தில் நாற்பது பேரை ஒரே ஆள் பைக்கில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை உங்கள் கணவரிடமே கேளுங்கள்.

இதையெல்லாம் செய்யும் ஆளுக்குத் துறையில் கம்ப்ளையன்ஸ் (சட்ட விதிகளைக் கடைப்பிடிக்க வைப்பது), ஆபரேஷன்ஸ் என்று ஏதேதோ பதவிப் பெயர் வைப்பார்கள். வேலை என்னவென்றால், நூற்றுக்கணக்கான காவலர்களின் கோப்புகளை ஒரு தாளும் பிசகாமல் வைத்திருப்பது. பீகார், ஒடிசா, அசாமிலிருந்து வந்து சேரும் பையனின் முன்னடத்தைச் சரிபார்ப்பு அவனுடைய ஊர்க் காவல் நிலையம் வரை போய்த் திரும்ப வேண்டும். அதுவரை அவனை எந்த வாசலிலும் நிறுத்தக்கூடாது. ஆள் இல்லை என்று வாடிக்கையாளர் கத்துவார். அப்போது “முடியாது” என்று சொல்லும் முதுகெலும்பு வேண்டும். சூப்பர்வைசரிடம் வாய் பேசிய பெண்ணுக்கு அது இருக்கிறது. போதாக்குறைக்கு உங்கள் வீட்டில் தமிழோடு தெலுங்கும் பேசுகிறீர்கள். கன்னடம் அவளுக்குப் புரியும் என்கிறீர்கள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இதற்கு இருக்கும் மதிப்பை எந்தச் சான்றிதழும் தராது.

கன்மேன்கள் விஷயம் இன்னும் நுட்பம். கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் துப்பாக்கி உரிமம் தருபவர் கலெக்டர்; காவல் துறையின் அறிக்கை வந்த பிறகுதான் தருவார். பசாரா உரிமம் கையில் இருப்பதால் மட்டும் எந்த ஏஜென்சிக்கும் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது. ஒவ்வொரு கன்மேனின் உரிமமும் எப்போது முடிகிறது, துப்பாக்கி உரிமங்களுக்கான தேசிய தரவுத்தளத்தில் அவருக்குத் தனி எண் இருக்கிறதா, வாங்கிய தோட்டாக்களுக்குக் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலுக்கு விலக்கு வேண்டுமென்றால் உரிய கடிதங்களோடு முன்கூட்டியே மனுக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறந்த ஏஜென்சியின் கன்மேன்கள் வாக்கு எண்ணிக்கை முடியும்வரை கையில் கம்போடு நிற்பார்கள். ஏ.டி.எம்.முக்குப் பணம் கொண்டுபோகும் வண்டிகளுக்கு 2018-ஆம் ஆண்டு விதிகள் தனி: ஓட்டுநர், ஆயுதக் காவலர் இருவர், பணம் நிரப்புவோர் இருவர், ஒரு நடைக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல் கூடாது, நகரத்தில் இரவு 9 மணிக்கு மேல், கிராமத்தில் மாலை 6 மணிக்கு மேல் பணம் நிரப்பக்கூடாது. ஓசூர் நகைக்கடன் நிறுவனத்தில் 2021 ஜனவரியில் பட்டப்பகலில் துப்பாக்கி முனையில் சுமார் 25 கிலோ நகை போனது நினைவிருக்கும். கொள்ளையர்கள் அடுத்த நாளே ஐதராபாத் பக்கம் பிடிபட்டார்கள் என்பது வேறு. காவல் என்பது வாசலில் ஒரு நாற்காலி போடுவதல்ல என்பது அன்றைக்குப் பலருக்கு உறைத்தது.

இங்கே இடையில் ஒன்று. கடிதத்தின் ஓரத்தில் மகனைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்: கணவருக்கு முழங்கால் வலி, அதே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பத்தொன்பது வயது மகன் டூட்டிக்குப் போகட்டும் என்று உங்கள் அண்ணன் யோசனை சொல்கிறாராம். கூடவே கூடாது. 21 வயது ஆகாமல் உரிமமே கிடைக்காது. உரிமம் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. அப்பாவின் துப்பாக்கியோடு மகன் வாசலில் நின்றால் இருவர் மீதும் வழக்கு வரும். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் “தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி, பன்றியை விரட்ட வைத்திருக்கிறோம்” என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

மகளுக்கு வருவோம். என்ன படிப்பது? கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.காம். ஆச்சரியப்படாதீர்கள். சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஜி.எஸ்.டி. ஆகிய நான்கும் தெரியாமல் ஏஜென்சி நடத்த முடியாது, அந்த நான்கும் பி.காம். பாடத்தை ஒட்டியவை. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கல்வி உதவி என்னென்ன உண்டு என்று கணவரை நேரில் கேட்டுவரச் சொல்லுங்கள். அவர் இதுவரை அந்தப் படியேறியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஹவில்தார்களுக்குக் கேட்பதில் ஒரு கூச்சம்.

பட்டம் முடிந்ததும் மூன்று ஆண்டு சட்டப் படிப்பைத் தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் தொடரலாம். நான் பெரிதும் பரிந்துரைப்பது அதைத்தான். குற்றவியலில் ஈடுபாடு வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் முதுகலை இருக்கிறது. குஜராத்தில் ராஷ்ட்ரிய ரக்‌ஷா பல்கலைக்கழகம் தனியார் பாதுகாப்பு மேலாண்மைக்கென்றே ஒரு துறை நடத்துகிறது. அவ்வளவு தூரம் போவது இப்போதைக்கு வேண்டாம்.

பெண் பிள்ளை, இரவு வேலை என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அலுவலக வேலை பகலில்தான். ஆனால் இரவுச் சோதனைக்குப் போகாமல் இந்தத் தொழில் பிடிபடாது என்பதையும் மறைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலைகளும் அவர்களுக்கான விடுதிகளும் ஓசூரைச் சுற்றி வந்துவிட்டன. பெண்ணைச் சோதனையிடப் பெண்தான் வேண்டும். பெண் காவலர்களை மேற்பார்க்கவும் பெண் அதிகாரிதான் பொருத்தம். ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

பணத்தில் நான் கறார். பட்டம் வாங்கியதும் அப்பாவின் சேமிப்பைப் போட்டுச் சொந்த ஏஜென்சி தொடங்குகிறேன் என்று மகள் சொன்னால், உங்கள் அண்ணனை மறுத்த அதே வேகத்தில் அவளையும் மறுத்துவிடுங்கள். பசாரா கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு 5,000, ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000 ரூபாய்தான் என்பதைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். காசு போவது வேறு இடத்தில். கணக்குக்காக 20 காவலர், ஆளுக்கு 15,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள், மூன்று லட்சம். நிறுவனம் கட்டவேண்டிய பி.எஃப். பங்கு, கட்டணங்களோடு 13 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், இன்னும் 48,750 ரூபாய். தொழிற்சாலை பில்லைப் பாஸ் செய்ய அறுபது நாள் எடுத்துக்கொள்ளும். காவலருக்கோ அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும். முதல் ரூபாய் உள்ளே வருவதற்குள் ஏறக்குறைய ஏழு லட்சம் வெளியே போயிருக்கும். இதைத் தாங்க முடியாதவர்கள்தான் பி.எஃப். கட்டாமல் விடுவது, பன்னிரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு எட்டு மணி நேரக் கூலி கொடுப்பது என்று இறங்குகிறார்கள். துறைக்குக் கெட்ட பெயர் அங்கிருந்து வருகிறது. முதலில் அவள் வேறொருவரிடம் ஐந்தாறு ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்க்கட்டும். எந்த வாடிக்கையாளர் ஒழுங்காகப் பணம் தருவார் என்பது அப்போதுதான் தெரியும்.

இந்த வாரம் செய்யவேண்டியது இரண்டு. அரசுக் கல்லூரி இணைய விண்ணப்பத்தை நாள் தவறாமல் போட்டுவிடுங்கள். பிறகு, கல்லூரி திறக்கும்வரை அந்த ஏஜென்சியில் அலுவலக வேலை கேட்டுப் பார்க்கட்டும். சம்பளம் குறைவாக இருந்தால் பரவாயில்லை. நியமனக் கடிதமும் பி.எஃப். எண்ணும் தர மாட்டோம் என்றால், உங்கள் கணவர் வேலை பார்க்கும் இடமாகவே இருந்தாலும் அவளை அங்கே அனுப்பாதீர்கள்.